தொண்ணூற்றேழு நடை

போன மாதம் என்னை ஒரு பெண்ணின் வாசலில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வாங்கிய குழுக்கடன். அவள் அந்த வாரத் தவணையைக் கட்டவில்லை. வசூலுக்கு வருகிற பையன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். மீதி ஒன்பது பேரும் அவள் வாசலில் உட்கார்ந்து அவள் மானத்தை வாங்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. உள்ளே அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திற, வாயைத் திற என்று மெதுவாகச் சொல்வது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நான் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். முட்டி வலித்ததும் உண்மைதான்.

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டிய நம்மில் பாதிப் பேராவது இப்படி ஒரு வாசலில் உட்கார்ந்திருப்போம், இல்லையென்றால் உள்ளே இருந்திருப்போம். நான் ஏழாவதுக்கு மேல் படிக்கவில்லை. செங்கல் சூளை, திருப்பூர் பனியன் கம்பெனி, கொல்லத்து முந்திரி ஆலை, குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியின் சமையலறை என்று ஊர் ஊராகப் போனவள். ஒரு இடத்திலும் மூன்று வருடத்துக்கு மேல் கால் நின்றதில்லை. எழுத்தில் பிழை இருக்கலாம். விஷயத்தில் இல்லை.

எனக்கு அப்போது பதினோரு வயது. மரக்காணத்து அளங்களில் உப்பு நன்றாக விளைந்த வருடம். அதற்கு முந்தின மழைக்காலத்தில் வந்த புயல் எங்கள் கூரையைக் கொண்டுபோய்விட்டது. கீற்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. அம்மாவும் அப்பாவும் வேலை செய்த அளத்தின் முதலாளி தகரம் வாங்கப் பணம் கொடுத்தார். அவர் அளத்துக்கு வருகிற வீடுகளுக்கு மட்டும்தான் கொடுப்பார். கடன் அடைகிற வரைக்கும் அந்த வீட்டிலிருந்து ஆண் ஒன்று, பெண் ஒன்று தினமும் வர வேண்டும். வேறு அளத்தில் கால் வைக்கக் கூடாது. கூலியில் பாதியைப் பிடித்துக்கொள்வார். பிடித்ததில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும்.

புதுத் தகரம் மத்தியான வெயிலில் படபடவென்று வெடிக்கும். "கடன் பேசுது பாரு" என்பாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அப்பா ஒரு நாள் வேலை முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். முகம் கழுவாமலே என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, மெட்ராஸ் போறியா?"

"யாரு கூட?"

"மொதலாளி பொண்ணு கூட. பிரசவத்துக்கு வந்திருக்குதில்ல? ஆவணி மாசம் கொழந்தய எடுத்துக்கினு கெளம்புது. நீ கொழந்தய தூக்கி வெச்சிக்கணும், அவ்ளோதான். ஃபேன் இருக்குது, டிவி இருக்குது. நீ அங்க இருக்கற வரைக்கும் நமக்கு வட்டி போட மாட்டாராம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்கமாட்டேன். அதுவரை நான் திண்டிவனத்தைத் தாண்டியதில்லை. அந்த நிமிடமே என் ஒரு கால் மெட்ராஸில் இருந்தது.

அம்மா கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வட்டி போட மாட்டாரு. அசலு?"

"அசல நாமதான் கட்டணும்."

"அசலு கட்டி முடிக்கிற வரைக்கும் இவ அங்கயா? எப்போ திருப்பி அனுப்புவாங்களாம்?"

அப்பா சைக்கிள் மணியைத் துடைத்தார்.

"கேட்டியாய்யா?"

"மொதலாளிகிட்ட போயி அத எப்படி கேக்கறது?"

கருவாட்டுச் சட்டி சுவரில் போய் உடைந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை அந்தச் சுவர் நாறியது.

அப்பா என்னை விற்கப் பார்த்தார் என்று ரொம்ப வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர் ஒன்பது வயதில் அளத்தில் இறங்கியவர். குதிகாலில் வெடிப்பு ஒவ்வொன்றும் ஒரு விரல் ஆழம் இருக்கும். அவர் கண்ணுக்கு மெட்ராஸ் என்பது காலில் உப்புப் படாத ஊர். மகளுக்கு நல்லது செய்கிறோம், வட்டியும் நிற்கிறது என்று நினைத்திருக்கிறார். கெட்ட மனசு இல்லை, தப்பான எண்ணம். இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும் என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் அம்மா முதலாளி வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க பொண்ணு கெளம்பறதுக்குள்ள அடைச்சிட்டா, எம்பொண்ண அனுப்பத் தேவையில்லதானுங்களே?"

"அடைச்சிட்டா எதுக்கு அனுப்பணும்? அடை பாக்கலாம்" என்றார் அவர். கோபமாக இல்லை. குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசினார். அதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வரும்போது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்ததாக நினைவில்லை. அப்பா பீடியை விட்டார். டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வருவார். அளத்து வேலை முடிந்த பிறகு அம்மா உப்புக் குவியலான அம்பாரத்தின் மேல் போர்த்துகிற கீற்று முடைந்தாள். நான் கழுவெளி ஏரிச் சேற்றில் கிளிஞ்சல் பொறுக்கிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொடுத்தேன். முழங்கால் சேறு, தலைக்கு மேலே வெயில், தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று என்னை வேடிக்கை பார்க்கும். மெட்ராஸ் போக எனக்கு ஆசை இருக்கத்தான் செய்தது. ஆனாலும் பொறுக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். அம்மா அப்படி ஓடும்போது நாம் சும்மா நிற்க முடியாது.

ஆடி நடுவில் அம்மாவின் காலில் ஏறியதும் ஒரு கிளிஞ்சல்தான். பாத்திக்கு அடியில் உடைந்து கிடந்தது. இரண்டு நாள் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கம்பவுண்டர் கீறிவிட்டு, "பதினஞ்சு நாளுக்குள்ள உப்புத் தண்ணில கால வெச்சா, வெரல எடுக்கணும்" என்றார்.

பெண் ஒன்று வர வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். நான் போனேன்.

உப்பு சுமப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரி வரப்பில் குவிப்பார்கள். அதைக் கூடையில் அள்ளிப் பெண்களின் தலையில் தூக்கி வைப்பார்கள். பெண்கள் வரப்பிலேயே நடந்து மேட்டில் இருக்கிற அம்பாரத்தில் கொட்ட வேண்டும். ஈர உப்பு. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சும்மாட்டை நனைத்து, கழுத்தில் இறங்கி, கண்ணுக்குள் போகும். துடைக்கக் கை இருக்காது. எட்டு மணிக்கு மேல் எல்லாப் பக்கமும் வெள்ளை வெளிச்சம். கண்ணை மூடினாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஒரு கூடை கொட்டினால் அம்பாரத்தின் அடியில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை டப்பாவிலிருந்து ஒரு தகர வில்லையை எடுத்துக் கொடுப்பார். டால்டா டின்னை வெட்டி நடுவில் ஓட்டை போட்ட வில்லை. அது ஒரு நடை. சாயந்தரம் வில்லையை எண்ணிக் கொடுத்தால் கூலி.

என்னைச் சேர்க்காமல் எங்கள் அளத்தில் இருபத்து மூன்று பெண்கள். அதிக நடை நடக்கிறவர் எங்கள் எதிர்வீட்டு அத்தை. நெட்டையானவர், தலையில் கூடை இருப்பதே தெரியாமல் கையை வீசிக்கொண்டு போவார். ஒரு நாளைக்குத் தொண்ணூறு நடைக்குக் குறையாது. நான் முதல் நாள் இருபத்தெட்டு நடந்தேன். அன்று சாயந்தரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

அளத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை, வயிற்றில் பிள்ளை இருக்கிறது, வீட்டில் சாவு என்றால் மற்றவர்கள் ஆளுக்கொரு நடை கொடுப்பார்கள். தன் வில்லை ஒன்றை அவள் சோற்றுத் தூக்கில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கொட்டகையின் பனங்கட்டையில் எல்லோர் தூக்கும் வரிசையாகத் தொங்கும். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் போடுவது சுலபம். கொடுத்தவள் சொல்லக் கூடாது. வாங்கியவள் கேட்கக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது. கொடுப்பவர்கள் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளக் கூடாது. முதலாளிக்கு இப்படி நடக்கிறது என்று ஒரு சந்தேகம் உண்டு. அதனால் அவரும் ஒரு சட்டம் போட்டிருந்தார். வில்லை கை மாறியது தெரிந்தால் கொடுத்தவள், வாங்கியவள் இரண்டு பேருக்கும் அந்த மாதக் கூலி கிடையாது. கடன் சீக்கிரம் அடைவதில் அவருக்கு என்ன லாபம்?

நான் வேலைக்குப் போன மூன்றாம் நாள், கஞ்சி குடிக்கும் நேரத்தில் சின்னம்மா வாயைத் திறந்தாள். சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அவளும் அதே அளத்தில்தான் சுமந்தாள். எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"ஆவணில இவள மெட்ராஸுக்கு அனுப்பறாங்களாம். வட்டிக்கு."

எதிர்வீட்டு அத்தை பழைய சோற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். மாதா கோயில் தெருவிலிருந்து வரும் அக்கா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்து, "இம்மாம் சின்ன இடுப்புல கொழந்த எங்க நிக்கும்?" என்றாள். அதோடு எழுந்துவிட்டார்கள்.

அன்று சாயந்தரம் என் தூக்கை எடுத்தேன். கனத்தது. யாரோ விளையாட்டுக்கு உப்பைக் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூடியைத் திறக்காமலே கணக்குப்பிள்ளையிடம் போய், இடுப்புச் சுருக்குப்பையில் இருந்த முப்பத்தொரு வில்லைகளைக் கொடுத்தேன். பிறகு உப்பைக் கொட்டலாம் என்று தூக்கைக் கவிழ்த்தேன்.

சலசலவென்று தகர வில்லைகள் கொட்டின. சில அவர் காலடிக்கு உருண்டு போயின.

என்ன நடந்தது என்று பிறகு எனக்குப் புரிந்தது. இருபத்து மூன்று பேரும் தனித்தனியாக முடிவு செய்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு நடை போதாது, நான் மட்டும் கொஞ்சம் கூடக் கொடுக்கிறேன் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறாள். அத்தை ஆறு போட்டிருக்கிறார். சின்னம்மா ஐந்து. பேசக் கூடாது என்கிற வழக்கத்தால் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஆகவே அந்த அளத்தில் அன்று எல்லோரையும்விட அதிக நடை நடந்தவள் பதினோரு வயதுள்ள நான்.

கணக்குப்பிள்ளை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார்.

"தொண்ணூத்தி ஏழு" என்றார். அத்தையைப் பார்த்தார். "ஒனக்கு எவ்ளோ?"

"எண்பத்தி நாலுங்க."

"நீ எண்பத்தி நாலு. இவ தொண்ணூத்தி ஏழு." அவர் முகம் சிவந்துவிட்டது. "எந்திரிச்சி ஒண்ணுக்குப் போன நேரத்துல என் டப்பால கை வெச்சிருக்கா! திருட்டுக் கழுத!"

சின்னம்மாதான் முதலில் முன்னால் வந்தாள்.

"யார பாத்து திருடின்ற? அது தூக்குச்சு. எங்கண்ணால பாத்தேன்."

"தொண்ணூத்தி ஏழா?"

"ஆமா. கருவாடு தின்னு வளர்ந்த புள்ள."

"என்னயே முந்தினு போச்சுங்க" என்றார் அத்தை, பெருமூச்சு விட்டு. "எனக்கும் வயசாயிடுச்சில்ல."

ஒருத்தி சிரித்துவிட்டாள். அதை மறைக்க இருமினாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக, ஆமாம் தூக்கினாள், நானும் பார்த்தேன் என்று சொன்னார்கள். வேறு வழியில்லை. உண்மையைச் சொன்னால் இருபத்து நாலு பேரின் மாதக் கூலி போய்விடும். சொல்லாவிட்டால் நான் திருடி.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். அவருக்காகப் பிரம்பு நாற்காலி ஒன்றை மாட்டு வண்டியில் வைத்து எடுத்து வந்தார்கள். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். அவர் கோபக்காரர் இல்லை என்று சொன்னேனே, அன்றும் கோபப்படவில்லை.

"நேத்து இந்தப் பொண்ணு உங்க எல்லாரையும் முந்திட்டான்னு சொல்றீங்க. நல்லது. இன்னிக்கும் முந்தட்டும். நான் இங்கயே உக்காந்து பாக்கறேன். இவ முந்தினா வில்ல செல்லும். இல்லன்னா திருட்டு வில்ல. இந்த மாசம் இவ வீட்டுக் கணக்கு மொத்தமும் அடிச்சிடுவேன்."

ஒரு மாதக் கணக்கு போனால் ஆவணிக்குள் கடன் அடையாது. அது என் வயதுக்கே புரிந்தது. அப்பா வரப்பில் வெறும் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான் கூடை தூக்கி விடுகிறவர்.

அன்று ஒரு லாரியும் வந்து நின்றிருந்தது. முந்தின நாள் வாரிய உப்பு முழுவதும் வரப்பில் குவியல் குவியலாகக் கிடந்தது. மேற்கே கொஞ்சம் மேகம் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

நான் ஓடினேன். அப்பா என் கூடையில் குறைவாக அள்ளி, மேலே மட்டும் கூம்பாகத் தட்டி வைத்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்து நடைக்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு வலித்தது. பின்னால் அத்தையின் காலடிச் சத்தம் கேட்டது. அவர் நடந்தால் வரப்பு லேசாக அதிரும். இதோ தாண்டிப் போகப் போகிறார் என்று ஒதுங்கினேன்.

"நட" என்றார் பின்னாலிருந்து. "ஒதுங்காத."

"நீங்க போங்க அத்த."

"நான் எங்க போறது? நீதான முன்னாடி போவணும்?"

நான் இன்னும் வேகமாக ஓடினேன்.

"ஏண்டி ஓடற? நீ ஓடினா நாங்களும் ஓடணும். மெதுவா போ."

எனக்குப் புரிய இரண்டு நடை ஆனது. அத்தை எனக்குப் பின்னால் என்னுடைய வேகத்தில் வந்தார். அவருக்குப் பின்னால் சின்னம்மா. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒருத்திகூட என்னைத் தாண்டவில்லை. நான் மூச்சு வாங்க நின்றால் இருபத்து மூன்று பேரும் தலையில் கூடையோடு நின்றார்கள். யாரும் இதை முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறேன். பேசாமல் செய்துதானே அவர்களுக்குப் பழக்கம்.

ஒருத்தி வரப்பில் உட்கார்ந்து காலில் முள் தேடினாள். அளத்தில் ஏது முள்? சின்னம்மா சும்மாட்டை அவிழ்த்து, உதறி, மடித்து, மறுபடி அவிழ்த்தாள். மாதா கோயில் தெரு அக்கா முதலாளியின் நாற்காலிக்கு நேர் எதிரே முழங்கால் போட்டு ஜெபம் சொன்னாள். நீளமான ஜெபம்.

முதலாளி முதலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூலிக்காரர்கள் கூலியை விட்டுக்கொடுப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. ஒவ்வொரு நடைக்கும் காசு. காசை விட்டு யார் மெதுவாக நடப்பார்கள்? அவருடைய கணக்கில் அப்படி ஒரு பெண் இல்லை. பத்து மணி வாக்கில் லாரி டிரைவர் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தான்.

"இன்னா மொதலாளி, உப்பு ஏத்தறாங்களா, சாமி ஊர்வலமா?"

முதலாளி எழுந்தார். "வேகமா நடங்கடி!"

"நடக்கலாங்க" என்றாள் சின்னம்மா. "அப்புறம் புள்ளய முந்திடுவோமே. உங்க பந்தயம் இன்னா ஆவறது?"

மேகம் நகர்ந்து தலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. காற்று நின்றது. பாத்தித் தண்ணீர் ஈயம் மாதிரி ஆனது. ஆடி மாத மழை வந்தால் அரை மணி நேரம்தான் பெய்யும். ஆனால் வரப்பில் போர்த்தாமல் கிடக்கிற உப்புக்கு அந்த அரை மணி போதும். அவர் மேகத்தைப் பார்த்தார், குவியல்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நான் என் பத்தொன்பதாவது நடையில் இருந்தேன். மற்ற எல்லோரும் பதினெட்டில். முதல் துளி என் கையில் விழுந்தது. நான் நின்றேன். எல்லோரும் நின்றார்கள். அத்தை, "தண்ணி குடிச்சிட்டு வரட்டுமாங்க?" என்று பணிவாகக் கேட்டார்.

"எழுதுய்யா!" என்று முதலாளி கணக்குப்பிள்ளையிடம் கத்தினார். "அவ கணக்க எழுது!"

"எவ்ளோன்னு எழுதறதுங்க?"

"நேத்து எவ்ளோவோ அதத்தான்! தொண்ணூத்தி ஏழு!"

கணக்குப்பிள்ளை எழுதும்வரை அத்தை நகரவில்லை. பேனாவை மூடுவதைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி நடந்தார். அந்த நடையை நான் மறக்கவில்லை. வரப்பு அதிர்ந்தது. இருபத்து மூன்று பேரும் ஓடினார்கள். ஆண்களும் கூடை எடுத்தார்கள். அப்பா இரண்டு கூடைகளைக் காவடி மாதிரி கட்டிக்கொண்டு ஓடினார். லாரி நிறைந்தது, அம்பாரத்தின் மேல் கீற்று ஏறியது. அதில் பாதி அம்மா முடைந்தது. மழை கொட்டியபோது கொட்டகைக்குள் எல்லோரும் ஈர உப்பு நாற்றத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம்.

இதைக் கதை மாதிரி நினைத்துவிடாதீர்கள். அன்று ஒவ்வொருத்திக்கும் அரை நாள் கூலி போனது. போனது போனதுதான். அரிசி வாங்க இருந்த காசு. மாதா கோயில் தெரு அக்காவுக்கும் அதே முதலாளியிடம் கடன் இருந்தது. அவள் வீட்டுக்காரருக்குக் காசநோய். அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா காலை நீட்டிக் கீற்று முடைந்துகொண்டிருந்தாள்.

"உம்பொண்ணால எனக்கு அரை நாளு போச்சு" என்றாள் அக்கா.

"போச்சு. அதுக்கு இன்னா இப்போ?"

"ஒண்ணுமில்ல. சொன்னேன்."

"சொல்லாத. சொன்னா அது கடனாயிடும். எனக்கு ஏற்கெனவே ஒரு கடன் இருக்குது, போதும்."

அக்கா உட்கார்ந்து, ஒரு ஓலையை இழுத்துப் போட்டுக்கொண்டு முடைய ஆரம்பித்தாள். முடையும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். எங்கள் தகரத்தை, முதலாளியை, என் சின்ன இடுப்பை. அம்மாவும் பதிலுக்குத் திட்டினாள். இருட்டும்போது பத்துக் கீற்று கூடுதலாக இருந்தது.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் இறந்தபோது அம்மா அவள் தூக்கில் எத்தனை வில்லை போட்டாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

ஆவணி பிறந்ததும் பாக்கி கொஞ்சம் இழுத்தது. அப்பா சைக்கிளைக் கீழ்புத்துப்பட்டுக்காரர் ஒருவருக்கு விற்றார். பச்சை சைக்கிள், பின் சீட்டில் நான் உட்கார உட்கார ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரியும். விற்றுவிட்டு அங்கிருந்து ரோட்டோரமாக நடந்தே வந்தார். வந்து, "நடக்கறதும் நல்லாத்தான் இருக்குது" என்றார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள். உடைந்த சட்டிக்குப் பிறகு அவரோடு அவள் ஒரு வார்த்தையாவது சிரித்துப் பேசியது அன்றுதான்: "தொப்பையாச்சும் கொறயும்." அப்பாவுக்குத் தொப்பையே கிடையாது.

முதலாளி மகள் கிளம்புகிற அன்று காலையில் மூன்று பேரும் போனோம். அம்மா நொண்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் வாசலில் அம்பாசிடர் கார் நின்றது. மேலே தொட்டில், பாய், அப்பளக் கூடை எல்லாம் கட்டியிருந்தார்கள். எனக்கென்று பின் சீட்டின் ஓரத்தில் இடம் விட்டிருந்தார்கள் போல. அங்கே ஒரு பால் டின் மட்டும் இருந்தது. அப்பா பணத்தைத் துண்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். முதலாளி எண்ணினார். சரியாக இருந்தது. அவர் நம்பவில்லை போலிருக்கிறது. கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு எண்ண வைத்தார். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. கடன் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். அப்பா அதை வாங்கி மடிக்கப் போனார். அம்மா பிடுங்கி, நாலாக, எட்டாகக் கிழித்து, அவர்கள் கோலத்தின் மேலேயே போட்டாள்.

"ஏம்மா, இது வாசல்" என்றார் முதலாளியின் மனைவி.

"தெரியுதுங்க" என்றாள் அம்மா.

காரில் குழந்தை வீரிட்டு அழுதது. முதலாளி மகளால் சமாளிக்க முடியவில்லை. அவள் கெட்டவள் இல்லை; தூக்கம் கெட்டுப்போன பெண். என்னைப் பார்த்துக் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"கடன்தான் தீந்துடுச்சே. சும்மாவாச்சும் எங்கூட வாயேன்டி. மெட்ராஸ் பாக்கணும்னு ஒனக்கு ஆசைதான?"

ஆசைதான். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. என்னிடம் அதை யாரும் அதுவரை கேட்டதில்லை, இவள்தான் முதலில் கேட்கிறாள் என்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. நான் காருக்குப் பக்கத்தில் போனேன். உள்ளே புது ரெக்சினும் பால் பவுடரும் கலந்து மணத்தன.

"மாசம் எவ்ளோ தருவீங்க?" என்றேன்.

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அவள் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றினாள்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கண்ணாடி ஏத்திட்டாங்கடி. இன்னும் சத்தமா கேளு."

கேட்டேன்.